தராசுக்கு முத்திரை உண்டு, ரூட்டருக்கு?

தராசுக்கு முத்திரை தவறினால் அபராதம் என்பதை நாம் அறிவோம். கடையைச் சாத்தியபின் பூட்டை இழுத்துப் பார்க்காமல் வீடு திரும்பும் வியாபாரி இல்லை. ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் விளக்கு மினுக்கும் ரூட்டரை, வாங்கி மாட்டிய நாளுக்குப் பின் நம்மில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருக்கிறோம்?

அந்த ரூட்டரிலும், கண்காணிப்புக் கேமராவிலும், பில் போடும் கணிப்பொறியிலும் சில்லுக்குள் பதிந்த ஆணைத் தொகுப்பு ஒன்று உண்டு. அதை ஃபர்ம்வேர் என்பார்கள். மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழிப்பது அதுதான். அதில் ஓட்டை விழுந்தால், நாம் காசு கொடுத்து வாங்கிய வைரஸ் தடுப்பு மென்பொருளின் கண்ணுக்குப் பெரும்பாலும் படாது.

இது பூச்சாண்டி அல்ல. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் என்ற வைரஸ், வட்டில் இருந்த கணக்குகளை அழித்ததோடு, பல கணிப்பொறிகளின் பயாஸ் சில்லையும் பாழாக்கியது. 2018 மே மாதம், விபிஎன்ஃபில்டர் என்ற நச்சு நிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் புகுந்திருந்தது தெரியவந்தது. அவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த சாதாரண ரூட்டர்களே. அணைத்துப் போட்டாலும் அதன் வேர் போகவில்லை.

“நம் சின்னக் கடையில் என்ன இருக்கிறது?” என்று அலட்சியம் வேண்டாம். திருடன் கடையின் அளவைப் பார்ப்பதில்லை. திறந்த கதவைத்தான் தேடுகிறான். நம் பற்று வரவும் ஜிஎஸ்டி கணக்கும் அந்தக் கதவுக்குள்தான் இருக்கின்றன.

குற்றம் முழுவதையும் வியாபாரி தலையில் கட்டுவதை நாம் ஏற்கவில்லை. காலாவதித் தேதி இல்லாமல் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நாம் விற்க முடியுமா? ரூட்டர் விற்பவர் மட்டும், எத்தனை ஆண்டு திருத்தம் வரும் என்று சொல்லாமல் விற்கலாமா? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணையும் நுகர்வோர் கருவிகளுக்கு அந்தக் காலத்தை அறிவித்தே ஆகவேண்டும் என்பது சட்டம். இங்கும் அத்தகைய விதி வேண்டும். இதற்கு வணிகர் சங்கங்கள் ஒன்றுகூடிக் குரல் எழுப்ப வேண்டும்.

அதுவரை நாமே காவல். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை இன்றே மாற்றுவோம். திருத்தத்தைத் தயாரிப்பாளரிடமிருந்து மட்டும் பெற்று, மின்வெட்டு இல்லாத நேரத்தில் ஏற்றுவோம். பாதியில் மின்சாரம் போனால் கருவியே முடங்கலாம். திருத்தம் நின்றுபோன பழைய ரூட்டரை மாற்றுவோம். கணக்கின் நகலைத் தினமும் தனி வட்டில் எடுத்து, கணிப்பொறியிலிருந்து கழற்றி வைப்போம்.

அடுத்த முறை வாங்கும்போது, “எத்தனை ஆண்டு திருத்தம் வரும்?” என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குவோம்.