வெயிலையும் நிறுக்க வேண்டும்



"உங்க ஊருக்கு என்ன வெயில்? ஸ்வெட்டர் போடுற இடம்தானே" என்று கொழும்பிலுள்ள சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இராகலையில் போட்ட ஸ்வெட்டரை நில்தண்டாஹின்ன வருமுன் கழற்றிவிடுவது வலப்பனைக்காரர் நமக்குத்தான் தெரியும். மார்ச், ஏப்ரலில் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடும். அதில் நம் மாவட்டத்தின் பெயர் பெரும்பாலும் வராது. நாமும் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

அந்தச் சுட்டெண் நிழலில் அளந்த வெப்பத்தையும் ஈரப்பதனையும் வைத்துப் போடுவது. கொழுந்து எடுப்பவர் நிழலில் நிற்பதில்லையே. முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, காலுக்குக் கீழே ஏற்றம். உழைக்கும் உடம்பு தானே சூட்டை உண்டாக்குகிறது. வியர்வை காய்ந்தால்தான் அந்தச் சூடு இறங்கும். படங்குக்குள் வியர்வை எப்படிக் காயும்?

இதை அளக்கும் முறை 1950களிலேயே வந்துவிட்டது. அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் இளைஞர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தபோது கண்டுபிடித்தது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று, கறுப்புக் கோளத்துக்குள் ஒன்று, நிழலில் சாதாரணமாக ஒன்று. முதலாவதுக்கு 70 வீதம், இரண்டாவதுக்கு 20, மூன்றாவதுக்கு 10 என்று சேர்த்தால் ஓர் எண் வரும். நாம் டீவியில் பார்க்கும் வெப்பநிலைக்கு இதில் 10 வீதம்தான்! வெயிலுக்குப் பழகியவர்களுக்கே நடுத்தர வேலையில் 28 பாகை, கடின வேலையில் 26 பாகை தாண்டினால் கவனம் தேவை என்கிறது சர்வதேச தரம்.

நம் பிள்ளைகள் பலர் கத்தாரில் வேலை செய்கிறார்கள். அங்கே 2021இல் வந்த உத்தரவுப்படி இந்த எண் 32.1ஐத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்த வேண்டும். நடைமுறையில் எப்படி என்று போய்வந்தவர்களைக் கேட்டால் வேறு கதையும் சொல்வார்கள், அது வேறு. ஆனாலும் மகனுக்கு அங்கே ஓர் எண் இருக்கிறது. இங்கே மலையில் நிற்கும் தாய்க்கு அப்படி ஓர் எண்ணைப் பார்த்து யாரும் வேலையை நிறுத்தியதை நாம் கண்டதில்லை.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017இல் தொடங்கி, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைக் கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவர்கள் போய் நின்றது செங்கல் சூளையிலும் உப்பளத்திலும். நம் மலைக்கு அப்படி யாரும் கருவியோடு வந்து நின்றால்தான் இங்குள்ள நிலைமை தெரியும்.

தண்ணீர் விஷயத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டும். மலையில் கக்கூஸ் இல்லை என்பதால் பல பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். நோன்பு காலத்தில் வகுப்பறை நிழலில் நிற்கிற நமக்கே அஸர் நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நமக்கு அது ஒரு மாதம், நிய்யத் வைத்துப் பிடிப்பது. அவர்களுக்கு வருடம் முழுக்க. சூடும் நீரிழப்பும் சேர்ந்து வருடக்கணக்கில் சிறுநீரகத்தைத் தாக்குவதை மத்திய அமெரிக்கக் கரும்புத் தொழிலாளரிடம் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை வரவில்லை என்றால், "அம்மாவுக்குத் தலைசுத்து, தம்பிய பார்த்துக்கிட்டேன்" என்று மறுநாள் சொல்லும். அந்தத் தாய் மலையிலிருந்து பாதியில் இறங்கினால் அரைப்பேர்தான் விழும். "முடியல" என்றால் சோம்பல் என்பார்கள். கொழுந்தை மட்டும் கிராம் குறையாமல் நிறுப்பார்கள்.

ஆகவே தோட்டத்துக்கு ஒரு கருவி வேண்டும். எண் கூடினால் நிழலில் ஓய்வு, வேலை நேரத்தை முன்தள்ளுவது, குடிதண்ணீர், பெண்களுக்கு மறைவிடம் எல்லாம் வர வேண்டும். அதோடு அன்றைய பேரும் முழுதாக விழ வேண்டும். பேர் குறையும் என்றால் எந்தத் தாயும் இறங்கமாட்டார், கருவி சும்மா தொங்கும்.

அதுவரை பாடசாலைகளில் நாம் தொடங்கலாம். ஈரக்குமிழும் உலர்குமிழும் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் இருக்கும். கோளத்துக்கு மெல்லிய செம்புப் பந்தும் கறுப்புப் பெயின்டும் போதும். தரமான கருவி அளவுக்குத் துல்லியம் வராது, ஆனால் பேச்சைத் தொடங்கலாம். மதியம் 12 மணி எண்ணைப் பிள்ளைகள் எழுதட்டும், மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் ஒட்டுவோம். வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்து விஞ்ஞான ஆசிரியர்கள் யார் யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். செம்புப் பந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்களும்.