ஆளுக்கொரு துண்டு

பாஷை பேசுவதற்காக ஏற்பட்டது. ஆனால் பாஷை வகுப்பில் பேசுகிறவரோ பெரும்பாலும் உபாத்தியாயர் ஒருவர்தான். நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிஷம் என்று வைத்துக் கொள்வோம். உபாத்தியாயர் வாயையே திறக்காவிட்டாலும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு நிமிஷம். அதையும் முன் பெஞ்சிக் கெட்டிக்காரர்கள் நால்வர் அபகரித்துக் கொண்டு விடுகிறார்கள்!

இதற்கு ஒரு பரிகாரம் 1971-ம் வருஷத்தில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பிறந்தது. அதைச் செய்த எல்லியட் ஆரன்ஸன் என்னும் மனோதத்துவ நிபுணர் பாஷை கற்பிக்கப் போனவர் அல்ல. சண்டை தீர்க்கப் போனவர். அதுவரை பிரிந்து படித்த வெள்ளையர், கறுப்பர், மெக்ஸிகோ வம்சத்தார் ஆகியோரின் குழந்தைகள் அப்பொழுது ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். கைகலப்பு மூண்டது. ஒருவன் தவறாகப் பதில் சொன்னால் மற்றவர்கள் மகிழும்படியான போட்டியே தீமையை வளர்க்கிறதென்று அவர் கண்டார்.

ஆகவே, ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களை அமைத்தார். ஒருவருடைய ஜீவிய சரித்திரத்தைத் துண்டு துண்டாக்கி, ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் துண்டைப் படித்து, மற்றக் குழுக்களில் அதே துண்டைப் பெற்றவர்களோடு கூடிச் சந்தேகம் தீர்த்துக் கொண்டு, பிறகு தன் குழுவுக்குத் திரும்பிப் பாடம் சொல்ல வேண்டும். பரீக்ஷை முழுச் சரித்திரத்திலும் உண்டு, மார்க்கோ அவரவருக்கே.

ஒரு குழுவில் இங்கிலீஷ் சரளமாக வராத மெக்ஸிகோ வம்சத்துச் சிறுவன் இருந்தான். அவன் திணறியதும் கூட்டாளிகள் பரிகசித்தார்கள். கவனித்துக் கொண்டிருந்தவர் அவர்களைக் கண்டிக்கவில்லை. கேலி செய்தால் அவனுடைய பகுதி உங்களுக்குத் தெரியப் போவதில்லை, பரீக்ஷையோ நெருங்குகிறது என்று மட்டும் நினைவூட்டினார். சில நாளில் அவர்கள் நயமாகக் கேள்வி கேட்கப் பழகினார்கள். பையனுக்கும் நாக்குத் திரும்பிற்று.

பிள்ளைக்குப் பிள்ளை பாடம் சொல்வது சென்னைக்குப் புதிதல்ல. எழும்பூர் அநாதைப் பள்ளியில் ஆண்ட்ரூ பெல் கையாண்ட ஏற்பாடு, அவர் 1797-ல் லண்டனில் வெளியிட்ட புஸ்தகத்துக்குப் பின் ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. ஆனால் அதில் சட்டாம்பிள்ளை மேலே, மற்றவர்கள் கீழே. ஆஸ்டினிலோ ஒவ்வொருவரும் சட்டாம்பிள்ளை. தம் முறை வந்த சில நிமிஷங்களுக்கு மட்டும்!

இதைக் கையாள விரும்பும் உபாத்தியாயர்கள் சிநேகிதர்களை ஒரே குழுவில் சேர்க்கக் கூடாது; கெட்டியும் மந்தமும் கலந்திருக்க வேண்டும். குழுவுக்கு ஒரே கட்டுரை, ஒரே மார்க் என்று வைத்தால், கல்யாண வீட்டில் போல ஒருவர் ஓடியாடுவார், நால்வர் வெற்றிலை போடுவார்கள். துண்டுக் காகிதத்தை ஒருவருக்கொருவர் காட்டவும் விடக் கூடாது. காட்டினால் பேச்சுக்கு அவசியம் ஏது?

இரைச்சல் இருக்கத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு உபாத்தியாயர் புகார் சொல்ல வந்தால், அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, ஏதாவதொரு குழுவின் அருகே ஐந்து நிமிஷம் உட்கார்த்தி வைக்கலாம்.