வந்த இடத்தில் நமக்கெதற்கு வம்பு?

மாற்றலாகி விழிஞ்ஞம் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் ஏழு. பொங்கல், தீபாவளி எல்லாம் சேர்ந்துதான். போன மாதம் ஒரே ஒரு விஷயத்தில் நான் தனியாகிவிட்டேன்.

லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர்களும் மீன் விற்க வருகிறவர்களும் லிஃப்டில் ஏறக்கூடாதாம். எங்களுக்கு மீன் கொண்டுவரும் சேச்சிக்கு அறுபதுக்கு மேல் வயசு. கூடையோடு நாலு மாடி ஏறி மூச்சு வாங்க நிற்கிறார். நோட்டீஸை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுப்போம் என்று நம்மவர்களைக் கேட்டேன். ஒரே பதில்தான்: "சார், நாம பொழைக்க வந்தவங்க. நமக்கெதுக்கு வம்பு? அவங்க ஊரு, அவங்க பார்த்துப்பாங்க."

எங்கேயோ கேட்ட வசனமாக இருக்கிறதே என்று யோசித்தேன். நூறு வருஷப் பழசு!

1924. வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது. மார்ச் 30-ல் சத்தியாகிரகம் தொடங்கியது. டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனன், ஜார்ஜ் ஜோசப் என்று தலைவர்கள் வரிசையாகச் சிறைக்குப் போனார்கள். போராட்டம் படுத்துவிடக்கூடாதென்று ஈரோட்டுக்கு அழைப்பு போனது. ஈ.வெ.ரா. கிளம்பி வந்தார். வசதியான வியாபாரி, ஈரோடு நகரசபைத் தலைவராக இருந்தவர். அந்தத் தெருவில் நடக்க அவருக்கு எந்தத் தடையும் இல்லை. இருந்தும் வந்தார்.

எதிரிகள் எதிர்த்ததில் ஆச்சரியமில்லை. நண்பர்கள்? நம் ஊரை விட்டுவிட்டு இன்னொரு ஊரில் போய் ஏன் ரகளை செய்கிறீர்கள் என்று நெருங்கிய தோழர் ராஜாஜி கடிதம் எழுதியதாகப் பெரியாரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். காந்தியும் தன் பங்குக்கு, இதை இந்துக்களிடம் விட்டுவிடுங்கள் என்று கிறிஸ்தவரான ஜார்ஜ் ஜோசப்புக்கு எழுதினார்.

ஈ.வெ.ரா. திரும்பிப் போகவில்லை. முதலில் ஒரு மாதம் சிறை. வெளியே வந்ததும் மறுபடி களம். இந்தத் தடவை திருவனந்தபுரம் மத்திய சிறையில் கடுங்காவல். காலில் விலங்கு, கைதி உடை. கேசவ மேனன் இதைத் தன் சுயசரிதையில் பதிந்திருக்கிறார். மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் வைக்கத்துக்கே வந்து போராடினார்கள். 1925 நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் அரசின் கோயில்களே இந்துக்கள் எல்லோருக்கும் திறந்தன.

ராஜாஜியை வில்லனாக்க நான் வரவில்லை. 1939-ல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது அவர் அரசுதான். நல்லவர்களும் இந்த வசனத்தைப் பேசுகிறார்கள் என்பதுதான் என் கவலையே.

"உள்ளூர்க்காரர்கள் பார்த்துப்பாங்க" என்கிறீர்கள். பார்த்துக்கொள்ளாமலா இருந்தார்கள்? பக்கத்திலிருக்கும் வெங்ஙானூர்தான் அய்யன்காளி பிறந்த ஊர். தன் சாதிக்கு மறுக்கப்பட்ட பாதையில் 1893-லேயே வில்வண்டி ஓட்டிப் போனவர். அதற்குப் பிறகும் முப்பது வருஷம் வைக்கத்தில் தெரு திறக்கவில்லையே! உள்ளூர்க்காரர் தொடங்கியதற்கு வெளியூர்க்காரர் தோள் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. 1991-ல் பெங்களூரில் தமிழர்கள் அடிபட்டபோது, அக்கம்பக்கத்துக் கன்னடர்கள் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டோமே, அது எந்த உரிமையில்? நமக்காக மற்றவர் பேச வேண்டும், மற்றவருக்காக நாம் பேசினால் மட்டும் வம்பா? வரவுப் பத்தி மட்டும் எழுதி செலவுப் பத்தியை விட்டால் கணக்கு எப்படி சாமி நேராகும்?

2024 டிசம்பரில் புதுப்பித்த வைக்கம் பெரியார் நினைவகத்தை இரு மாநில முதல்வர்களும் சேர்ந்து திறந்தார்கள். அந்தப் படத்தை எங்கள் ஏழு வீட்டிலும் பெருமையாகப் பகிர்ந்தார்கள். பகிர்ந்த கைகள்தான் இப்போது கையெழுத்துப் போட மறுக்கின்றன.

வங்கியில் கடன் கேட்டு வந்தால் முகவரிச் சான்று கேட்பது என் வேலை. நியாயம் பேசவும் முகவரிச் சான்று வேண்டும் என்று எனக்கு எந்த சர்க்குலரும் வரவில்லை.

சங்கத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். இப்போதைக்கு இரண்டு கையெழுத்து. என்னுடையதும் என் மனைவியுடையதும். கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.