நுண்வினைஞனுக்கு மதிப்பெங்கே?

எழுதுவினைஞர் உத்தியோகமே வாழ்வின் பெரும்பேறு என்று எண்ணிவந்தது நமது சமுதாயம். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அந்தக் கதவைச் சாத்திய பின்னரும், நமது நாட்டம் மேசையை விட்டுப் பட்டறைப் பக்கம் முழுமையாகத் திரும்பவில்லை. அதன் நட்டத்தை இன்றும் அனுபவித்து வருகிறோம்.

நுண்பொறித் தொழிலிலே சாணை இயந்திரம் இயக்குபவனை எடுத்துக்கொள்வோம். கடைசல் இயந்திரத்தில் உருவான உருக்குத் துண்டுக்கு இறுதி அளவைக் கொடுப்பவன் இவனே. ஒரு மில்லிமீற்றரை 1000 கூறாக்கினால், அவற்றுள் ஐந்து பத்துக் கூறுகளுக்கு மேல் பிசகாமல் இவன் வேலை செய்ய வேண்டும். தலைமயிரின் தடிப்போ 50 முதல் 100 கூறு வரை! 100 மில்லிமீற்றர் நீளமான உருக்கு 10 பாகை செல்சியஸ் சூடேறினாலே 11 கூறளவு நீண்டுவிடும். ஆகவே குளிர்விக்கும் திரவத்தை அளவறிந்து பாய்ச்சவும், மழுங்கிய சக்கரத்தை வைரமுனையாற் சீர்செய்யவும், சக்கரத்தைப் பூட்டுமுன் தட்டி, எழும் ஒலியைக்கொண்டு வெடிப்புண்டா என அறியவும் இவன் பழகியிருத்தல் வேண்டும். இதனை வெறுங் கூலிவேலை என்று ஏளனஞ் செய்வோரைக் கேட்கிறோம்: இது கல்வியல்லவெனில் எதுதான் கல்வி?

பட்டறை இருந்தாலன்றோ பழக்கம் உண்டாகும்? 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, யுத்தத்தினால் 1990இல் மூடப்பட்டது. ஆலையோடு, அதன் இயந்திரங்களைப் பேணிய கைகளும் சிதறின. மூத்தவன் இளையவனுக்குத் தொழில் காட்டிக்கொடுக்கும் தொடர்பு அறுந்தது. 2016இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டமையை நாம் வரவேற்கிறோம். ஆனால், பயின்று வெளியேறும் இளைஞனுக்குத் தன் மண்ணில் ஏற்ற வேலைத்தலம் இல்லையேல், அவன் கொழும்புக்கோ கடல்கடந்தோ செல்லாமல் வேறென்ன செய்வான்?

எனவே அரசாங்கத்திடம் நாம் சலுகை கேட்கவில்லை, உரிமையையே கேட்கிறோம். வடக்கிலும் கிழக்கிலும் நுண்பொறிப் பட்டறைகள் அமைய வேண்டும். தொழிற்கல்வி தாய்மொழியாம் தமிழில் முழுமையாகக் கிடைக்க வேண்டும். பயிலுநருக்கு வாழப் போதிய படி வேண்டும். சாணைத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். ஆதலால் தூசு உறிஞ்சும் சாதனமும் கண்காப்பும் இல்லாத பட்டறைகளை இயங்கவிடலாகாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அரசாங்கம் கடமையைச் செய்யும்வரை நாம் கைகட்டி நிற்கலாகாது. பேனா பிடிக்கும் மகனுக்குக் கொடுக்கும் மதிப்பைச் சாணை இயந்திரத்தின் முன்னால் நிற்கும் மகனுக்கும் கொடுங்கள். தொழிலை இழிவென்று கருதும் இனம் தன் காலில் நிற்பது எங்ஙனம்?