குற்றம் யாருடையது, தண்டனை யாருக்கு?

இடைக்கால ஐரோப்பிய வீரக் காதல் கதைகள் என்றதும், கோட்டையில் காத்திருக்கும் அழகியும் அவளை மீட்கும் வீரனும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். 13-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காவியமான 'சைலன்ஸ்' அப்படிப்பட்டதல்ல. 1911-இல் இங்கிலாந்து மாளிகையொன்றில், மதிப்பற்ற பழைய காகிதங்கள் என்று குறித்த பெட்டியில் கிடைத்த சுவடி இது.

இரட்டைச் சகோதரிகளில் மூத்தவள் யார், சொத்து யாருக்கு என்று அவர்களுடைய கணவர்கள் மோதி மடிகிறார்கள். உடனே மன்னர், இனிப் பெண்களுக்கே சொத்துரிமை கிடையாது என்று சட்டம் போடுகிறார். சண்டையிட்டவர்கள் ஆண்கள், தண்டனை பெண்களுக்கு!

அதனால் ஒரு பிரபு தம் மகள் சைலன்ஸை ஆணாக வளர்க்கிறார். போரில் அவள் எவருக்கும் சளைக்கவில்லை. மனிதரை ஆக்குவது இயற்கையா, வளர்ப்பா என்று கவிஞர் ஒரு வழக்காடு மன்றமே நடத்துகிறார். ரயில்வேயில் பயிற்சி ஆளை உருவாக்குவதைக் கண்ட நான் வளர்ப்பின் கட்சி.

முடிவில் உண்மை வெளிப்படுகிறது. மன்னர் பெண்களுக்குச் சொத்துரிமையைத் திருப்பித் தந்து, அவளையே மணந்துகொள்கிறார்.

வீரத்தை நிரூபித்த பிறகே உரிமை என்பதுதான் எனக்கு நெருடல். உரிமை பரிசல்ல. 2005-இல் திருத்தப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டம், பூர்விகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே சம பங்கு தந்துவிட்டது. பங்கு கேட்கும் மகளைப் பார்த்து முகம் சுளிக்காதிருக்க நாம்தான் இன்னும் பழக வேண்டும்.