குற்றாலம் மூடிக் கிடந்தபோது

கொரோனா ஊரடங்கு குடும்பங்களை ஒன்றுசேர்த்ததாம். தென்காசிப் பக்கம் உண்மையில் நொடித்தது சீசன் வியாபாரம் மட்டும்தானாம். வீட்டு வேலையைக் கணக்கில் சேர்க்கச் சொல்வது மேற்கத்தியப் பெண்ணியத்தின் இறக்குமதியாம். இத்தனையையும் ஒரே கட்டுரையில் எழுதியவர், அதை ஒருமுறையாவது திருப்பிப் படித்தாரா?

சீசனிலிருந்தே தொடங்குவோம். 2020, 2021 இரண்டு சீசனிலும் குற்றால அருவிகளில் குளிக்கத் தடை. விடுதி, பழக்கடை, எண்ணெய் மசாஜ், வேன் ஓட்டம் எல்லாம் படுத்தது மெய். அந்தத் தொழில்களில் இருந்த ஆண்கள் எங்கே போனார்கள்? வேலைக்குப் போன இடத்தில் சாப்பிட்டவர் மூன்று வேளையும் வீட்டில் உட்கார்ந்தார். பள்ளியில் சத்துணவு சாப்பிட்ட பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்தது. விடுதிக்காரரின் நஷ்டத்தை ரூபாயில் எழுதத் தெரிந்தவருக்கு, இவர்களுக்கெல்லாம் பொங்கிப் போட்டவள் ஏன் கண்ணில் படவில்லை?

வீட்டுக்குள் நடப்பது பொருளாதாரம் ஆகாது என்கிறார். ஆலங்குளத்திலோ கடையநல்லூரிலோ ஒரு தெருவில் நடந்து பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். மடியில் சுளகோடு, நனைத்த இலையை அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டுகிற பெண்ணை, அவள் வீட்டுத் திண்ணையிலேயே தொழிலாளி என்று 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே கை ஆயிரம் பீடி சுற்றினால் கூலி உண்டு, உலை வைத்தால் கிடையாது. ஊரடங்கில் இலையும் தூளும் வராமல் கூலி நின்றது. உலை வைக்கும் வேலையோ கூடியது. இதில் எது பொருளாதாரம், எது இல்லை என்று எந்த அளவுகோலால் பிரிக்கிறார்?

இறக்குமதி என்ற வாதம் இன்னும் மோசம். வீட்டு வேலை செய்கிற பெண் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொன்னது, 2019-இல் இந்திய அரசே எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. அதுவும் கொரோனாவுக்கு முந்தைய நிலவரம். ஒருவர் தம் சமையல்காரியை மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்ற ஓட்டையை 1920-லேயே எடுத்துக்காட்டிய பொருளியலாளர் பிகுவைப் பெண்ணியவாதி என்று யாரும் சொன்னதில்லை.

கடைசியில் அன்பைத் துணைக்கு அழைக்கிறார்: தாயின் உழைப்பு விலைமதிப்பற்றதாம். தமிழ் மீதுள்ள அன்பால் எழுதுகிறவர் சன்மானம் வாங்கினால் அன்பு கெடாது, தாய்க்குக் கொடுத்தால் மட்டும் கெட்டுவிடுமா? அடுத்த பத்தியிலேயே, 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையை 'இலவசம்' என்று ஏசுகிறார். விலைமதிப்பற்ற உழைப்புக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் அது எப்படி இலவசம்? அந்த 299 நிமிடத்தை மாதத்துக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 150 மணி நேரம். மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை. இவருடைய பயம் அன்பைப் பற்றியது அல்ல. எண்ணத் தொடங்கினால் வேலையைப் பங்கு போடச் சொல்வார்கள், அந்தப் பங்கு தம் தலையிலும் விழும் என்பதே.