குறைந்த எண்ணிக்கையும் நிறைந்த பொறுப்பும்

சிறுபான்மை என்னும் சொல் நமக்குப் புதிதன்று. எண்ணிக்கையில் குறைந்தோர் பிறர் நெஞ்சை வென்றே வாழவேண்டும் என்பதை நாம் பட்டறிந்திருக்கிறோம். நாட்டை ஆளும் அரசே சிறுபான்மையாகிவிட்டால் என்ன நிகழும்?

1991 மே 21 அன்று, நம் பூந்தமல்லிக்கு மேற்கே உள்ள திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். அத்துயரின் பின், ஜூன் 21இல் பி.வி. நரசிம்ம ராவ் தலைமையில் அமைந்த அரசுக்கு மக்களவையில் பெரும்பான்மை இல்லை. ஆயினும் அது ஐந்தாண்டுக் காலம் ஆண்டது.

எண்ணிக்கை குறைந்த அரசால் எதுவும் இயலாது என்பது பொருந்தாக் கூற்று. 1992 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்களை நோக்குக. வாக்களிப்போருள் மூன்றில் இரு பங்கினர் இசையாமல் அத்தகைய திருத்தம் நிறைவேறாது. எதிர்க்கட்சியினரின் இசைவையும் பெற்றே அவை நிறைவேறின. அதன் பயனாக, 1996இல் தமிழகத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் மகளிர்க்கு ஒதுக்கப்பட்டன. காட்டுப்பாக்கத்தைச் சூழ்ந்த இவ்வட்டாரத்துச் சிற்றூர்ப் பெண்களுக்கும் ஊராட்சி மன்றத்தில் அமர வழி பிறந்தது.

அதே டிசம்பர் 6ஆம் நாள் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதைத் தடுக்கத் தவறியது அவ்வரசின் மீது படிந்த அழியாப் பழி. அதற்கு எண்ணிக்கைக் குறைவைக் காரணம் காட்டலாகாது. சட்டத்தைக் காக்க வேண்டியது மனத்திட்பமே.

1993 ஜூலை 28இல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் 251க்கு 265 என்னும் வாக்குகளில் தோற்றது. உறுப்பினர் சிலருக்குக் கையூட்டு அளித்தே அவ்வெற்றி பெறப்பட்டது என வழக்கு எழுந்தது. ராவ் 2000இல் தண்டிக்கப்பட்டு, 2002இல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். பணம் பெற்று அவையில் வாக்களித்தோரைத் தண்டிக்க இயலாது என 1998இல் உச்ச நீதிமன்றம் கூறியதே நம்மைத் திகைக்க வைத்தது. 2024 மார்ச் 4 அன்று எழுவர் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. கால் நூற்றாண்டு கழிந்தேனும் நீதி விழித்தது!

1999 ஏப்ரல் 17இல் வாஜ்பாயி அரசு 269க்கு 270 என ஒரே வாக்கில் வீழ்ந்தது. அவருடைய கொள்கை நமக்கு உடன்பாடன்று. எனினும், ஒரு வாக்கிற்குத் தலைவணங்கி ஓர் அரசு விலகியது மக்களாட்சியின் மாண்பு.

மாணவச் செல்வங்களே! குறைந்த எண்ணிக்கை குற்றமன்று. அக்குறையை இசைவால் நிரப்புகிறோமா, விலையால் நிரப்புகிறோமா என்பதே வினா. நாளை வாக்குச்சாவடியில் நிற்கும்போதும் இதனை நினைவில் கொள்ளுங்கள். விலைபோன வாக்கு, போட்டவரையும் பெற்றவரையும் ஒருங்கே சிறுமைப்படுத்தும்.